புளியமரம் மறைத்த மலை

என் கணவர் எந்த மலையைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு அடியில இன்னா இருக்கும்?" கொடைக்கானலில் கேட்டார். மூணாறில் தேயிலைத் தோட்டத்தின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது, நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவைப் பிடித்திருந்த நேரம் பார்த்துக் கேட்டார். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துக் கேட்டார். நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் பெரிய மெஷினை ஓட்டுகிறவர் வேறு என்ன கேட்பார் என்று நானும் விட்டுவிட்டேன். தையல்காரர் எதிரில் வருகிறவர் சட்டையைப் பார்ப்பது மாதிரி இவர் பூமியைப் பார்க்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதற்கு வேறு காரணம் இருந்தது. அது எனக்குத் தெரிய அவர் ரிட்டயர் ஆகும் வருஷம் வரவேண்டியிருந்தது.

நான் ஊர் சுற்றப் போகிற இடங்களில் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுக்கிறவள். தொழில் இல்லை, பைத்தியம். நெய்வேலி நகரியத்தில் எங்கள் பிளாக்கில் இதற்காக எனக்கு நல்ல பெயரும் உண்டு, கேலியும் உண்டு. என் படங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஊட்டிக்குப் போய்விட்டு வந்து ஆல்பத்தைக் காட்டினால், பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் காலண்டரிலேயே இருக்கிறதே, நீங்கள் எங்கே என்று கேட்பார். காலண்டரில் இருப்பதுதான். ஆனால் அந்தக் காலண்டர்க்காரர் என்னைப்போல் அந்தக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் நின்றிருப்பாரா என்று எனக்கொரு வீம்பு.

அப்பா தேனிப் பக்கத்திலிருந்து அனல்மின் நிலைய வேலைக்கு வந்தவர். நான் வளர்ந்ததெல்லாம் இங்கே, கோடு போட்ட மாதிரி நேராக ஓடும் தெருக்களில். வருஷத்துக்கு ஒருமுறை லீவுக்கு ஊருக்குப் போவோம். பஸ்ஸில் தூங்கி விழுந்து கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே மலை நிற்கும். அதைக் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும் என்கிற ஆசை அப்போதே பிடித்தது. அப்பாவிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. அதைக் கெஞ்சி வாங்கி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்துத் தள்ளினேன். கழுவிப் பார்த்தால் ஒன்றில் ஜன்னல் கம்பி, ஒன்றில் என் கட்டைவிரல், மிச்சத்தில் பச்சையாக ஒரு தீற்றல். ஃபிலிம் சும்மா வருகிறதா என்று அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பிறகு நானாகத்தான் கற்றுக்கொண்டேன். சூரியன் உதிக்கும்போது எல்லோரும் சூரியனைப் பார்த்து நிற்பார்கள்; நான் திரும்பி நின்றுகொள்வேன். அது எதன்மேல் விழுகிறதோ அங்கேதான் படம் இருக்கும். காலடியில் ஒரு கல்லோ முள்செடியோ படத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் மலை கத்தரித்து ஒட்டினது மாதிரி நிற்கும். தண்ணீர் இருந்தால் காற்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும். முக்கியமாக, எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று தெரிய வேண்டும். லாட்ஜ் போர்டு, மின்கம்பி, வேலியில் மாட்டின கேரி பேக், பஜ்ஜி கடைப் புகை எல்லாம் எந்த மலைக்கு முன்னாலும் இருக்கும். ஜூம் பண்ணித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. நகர்ந்து நிற்க வேண்டும். படம் எடுப்பதில் பாதி வேலை காலுக்குத்தான். என் செருப்பு தேய்கிற வேகத்தைப் பார்த்து, நீ கேமராவால் எடுக்கிறாயா காலால் எடுக்கிறாயா என்று அவர் கேட்பார்.

கேலி செய்தாலும், என் படங்களில் பாதி அவருடைய ஷிஃப்ட் கொடுத்தது. நைட் ஷிஃப்ட் வாரம் முடிந்து ஆஃப் வரும்போதுதான் பெரும்பாலும் கிளம்புவோம். வாரம் முழுக்க ராத்திரியில் விழித்திருந்த உடம்பு, வெளியூர் போனதும் மாறிவிடுமா? எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குகிற வேளையில் இவர் லாட்ஜ் வராந்தாவில் உலாத்திக்கொண்டிருப்பார். வெளுக்கப் போகிறது என்றதும் என் காலைத் தட்டி எழுப்புவார். மலை பார்க்க வா என்று விடியுமுன் மனைவியை எழுப்புகிற கணவர் எத்தனை பேருக்கு வாய்த்திருப்பார்? ஆனால் அதே மனிதர் இட்லி சாப்பிட்டதும் கட்டிலில் விழுந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பக்கத்தில் இடி விழுந்தாலும் அசைய மாட்டார். அதனால் எங்கள் பயணங்களில் விடியற்காலை இரண்டு பேருக்கும் சொந்தம், பகல் எனக்கு மட்டும் சொந்தம்.

அப்படிப் போன ஒரு பயணத்தில்தான் அந்தப் படத்தை எடுத்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மனை விற்கிறவர் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருப்பார். இங்கிருந்து பஸ்ஸில் அரைநாள் தூரம், மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெரிய சுற்றுலா இடமெல்லாம் இல்லை. ஒரு லாட்ஜ், இரண்டு சாப்பாட்டுக் கடை, ஓர் ஏரி. விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீரின் மேல் லேசாகப் பனி படுத்திருந்தது. அந்தப் பக்கம் மலை, அடிமுதல் உச்சிவரை கறுத்த பாறை, நடுநடுவே பச்சை. வெயில் உச்சியைத் தொட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.

நான் முதலில் நின்ற இடத்தில் இரண்டு இடைஞ்சல்கள். வலது ஓரத்தில் ஒரு மின்கம்பம். அதற்குப் பின்னால் மலையின் தோளில் வெளுப்பாக ஒரு திட்டு. பாறை வெளுத்திருக்கிறது என்று நினைத்தேன். கண்ணை உறுத்தியது. கரையோடு இடது பக்கமாக நடந்தேன். ஒரு புளியமரம் வந்தது. அதன் கிளை தாழ்ந்து, கம்பத்தையும் அந்தத் திட்டையும் ஒருசேர மறைக்கிற இடத்தில் நின்றேன். தண்ணீரும் அசையாமல் நின்றது. எடுத்துவிட்டேன். எடுத்த உடனே தெரிந்துவிட்டது, என் வாழ்நாளில் இதைவிட நல்ல படம் எனக்கு அமையாது என்று.

திரும்பிப் பார்த்தால் இவர் குந்தி உட்கார்ந்து தரையைச் செருப்பு முனையால் கீறிக்கொண்டிருந்தார். நாலு விரல் ஆழத்தில் பாறை வந்துவிட்டது. அதைக் கையால் தடவி, "பாறைம்மா. கைய வெக்க முடியாது," என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். தோண்ட முடியாத இடத்தைப் பார்த்து மைன்ஸ்காரர் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை.

அன்றைக்குப் பகலில் அவர் வழக்கம்போல் தூங்கினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்த படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. மேஜை ஓரத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை உள்ளே தள்ளி வைத்துவிட்டு மறுபடி படம் பார்க்கத் தொடங்கினேன். கல்யாணமான புதிதில் மைன்ஸ் ஓரத்தில் இவருடைய அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தோம். அங்கே வெடி வைக்கிற நேரத்தில் கை தானாகச் செய்கிற காரியம் அது. இவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. தெருவில் டிப்பர் லாரிகள் வரிசையாகப் போயின. அதையும் பார்த்தேன். நெய்வேலிக்காரர் கண்ணுக்கு டிப்பர் லாரியும் காக்கையும் ஒன்றுதான், யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் படத்தை நானே பெரிதாக்கலாம் என்று இருந்தேன். எனக்கு முன்னால் இவர் மந்தாரக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, கட்டில் அகலத்துக்கு ஃப்ரேம் போட்டு, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்க யோசிக்கிற மனிதர், தாமே அடித்தார். எதிரில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி எடுத்தது என்று சொன்னார். இத்தனை வருஷம் என் படங்களை ஒரு கண்ணால் பார்த்தவர் இப்படி மாறியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. நகரியத்தில் அந்த வயது வந்தவர்களை எல்லோரும் கேட்கும் கேள்வி, எங்கே செட்டில் ஆகப் போகிறீர்கள் என்பது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வந்தவர் நாகர்கோவிலுக்குப் போவார், மதுரைக்காரர் மதுரைக்குப் போவார். என் அப்பாவும் அப்படித்தான் தேனிக்குப் போனார். சொந்த ஊர் மிகப் பக்கத்தில் இருப்பது என் கணவருக்குத்தான். ஆனால் போக முடியாதவரும் அவர்தான். அவருடைய ஊர் மைன்ஸுக்குள் இருக்கிறது. நிலம் கொடுத்ததற்கு வேலை வாங்கியவர்களில் அவர் ஒருவர். இருக்கிறது என்று நாங்கள் சொல்வது பேச்சு வழக்கு. அது இருந்த உயரத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தபடி, அந்த ஏரிக்கு எதிரில் மனை விற்கிறார்களாம், புரோக்கரிடம் பேசிவிட்டேன், அங்கேயே வீடு கட்டிக்கொண்டு போய்விடலாமா என்றார். எனக்குப் பக்கென்றது. அங்கே நமக்கு யாரைத் தெரியும், உங்கள் முழங்காலுக்கு ஊசி போட நல்ல டாக்டர் உண்டா, எனக்குப் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பழமொழி வேறு சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க அடியில பாறைதாம்மா. வேற ஒண்ணுமில்ல. நம்ம ரெண்டு பேரையும் எவனும் வந்து எழுந்திரின்னு சொல்ல மாட்டான்."

கொடைக்கானலிலும் மூணாறிலும் கன்னியாகுமரியிலும் அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று அந்தத் தட்டுக்கு முன்னால்தான் புரிந்தது. நான் படம் எடுக்கப் போனேன். அவர் இடம் தேடி வந்திருக்கிறார். எந்த இடத்திலாவது அடியில் ஒன்றும் இல்லாமல் இருக்காதா என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஆசைப்பட்டு எதையும் கேட்டதில்லை. சரி, போகலாம் என்று சொல்லிவிட்டேன். பேச்சுத்துணைக்கு ஏரி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆஃபில் போய் மனைக்கு முன்பணம் கொடுப்பது என்று ஆயிற்று. பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னோம். அவள் எங்களைப்போல் இல்லை, கேள்வி கேட்கிற பிள்ளை. ஒரு படத்தைப் பார்த்தா இடம் வாங்குவார்கள், அந்த இடத்தில் எடுத்த மற்ற படங்களையும் அனுப்பு அம்மா என்றாள். நியாயம்தான். இவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்த நேரம், காலை வேலையை முடித்துவிட்டுப் பழைய படங்களைத் திறந்தேன். தேறாதவை என்று ஒதுக்கி வைத்திருந்ததில், புளியமரத்துக்கு நகருமுன் எடுத்த முதல் படம் இருந்தது. மின்கம்பம், அதற்குப் பின்னால் வெளுத்த திட்டு. எதுவென்று பார்க்கலாம் என்று பெரிதாக்கினேன்.

பாறை வெளுக்கவில்லை. வெட்டியிருந்தார்கள். மலையின் தோளிலிருந்து விலாவரை படிபடியாக இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்தப் படிகளைத் தெரியும். மைன்ஸில் மேலிருந்து கீழே இறங்கி வெட்டுவது அப்படித்தான். ஒவ்வொரு படிக்கும் பெஞ்ச் என்று பெயர். மூலையில் மஞ்சளாக ஒரு மெஷின்கூடத் தெரிந்தது. லாட்ஜில் அதிர்ந்த கண்ணாடியும், வரிசையாகப் போன டிப்பர்களும் அப்போதுதான் எனக்கு எட்டின. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அன்றைக்கே, இது என்ன சத்தம் என்று லாட்ஜ்காரரைக் கேட்டிருப்பார்கள். நாங்கள் இருவரும் வீட்டில் இருப்பதுபோல இருந்துவிட்டு வந்திருக்கிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு கல்குவாரியைப் புளிய இலையால் மறைத்து, அதற்கு ஃப்ரேமும் போட்டு ஹாலில் மாட்ட விட்டிருந்தேன்.

சொல்லாமல் இருப்பதா என்கிற யோசனையே வரவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, மோர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அந்தப் படத்தைச் செல்போனில் போட்டுக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார், நகர்த்தினார், மறுபடி பெரிதாக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பெஞ்ச் போட்டிருக்கான்," என்றார். படத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, "ஏரிப் பக்கந்தான் வெட்டிக்கினு வரான்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு மலையைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா என்று கத்திவிட்டேன். யாரைப் பார்த்துக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நானும் அந்த வேலைதானம்மா செஞ்சிக்கினு இருக்கேன்," என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புரோக்கரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று இரண்டு வார்த்தையில் முடித்தார். நான் சுவரில் இருந்த படத்தைக் கழற்றப் போனேன். இருக்கட்டும், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலை அப்படித்தானே இருக்கிறது, படத்தின் மேல் என்ன குற்றம் என்று தடுத்துவிட்டார். நாற்காலியை மட்டும் பழையபடி டிவி பக்கம் திருப்பிப் போட்டார். அந்தச் சின்னக் காரியத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு வீட்டில் இடம் பற்றிப் பேச்சே இல்லை. நானாகப் பண்ருட்டி பக்கம் பார்க்கலாமா, தேனிக்கே போகலாமா, மகளோடு போய் இருக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்பார். ஆபீஸில் பிரிவுபசாரம் நடந்தது. மாலை, சால்வை, குரூப் போட்டோ. எல்லோரும் எங்கே செட்டில் ஆகிறீர்கள் என்றார்கள். சிரித்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. சாமான்களைக் கட்டுவதா, எந்த ஊருக்கென்று கட்டுவது என்று நான் அட்டைப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"வா, ஒரு எடம் காட்டறேன். கேமராவ எடுத்துக்க."

கேமராவை வை என்று அவர் சொல்வதுதான் எனக்குப் பழக்கம். எடுத்துக்க என்று அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகிற ரோட்டில் போனோம். தோப்பு முடிந்து ஒரு சின்ன ஊர் வந்தது. நாலைந்து தெரு, ஒரு பால் சொசைட்டி, ஒரு மாரியம்மன் கோயில். ஊர் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். எதிரில் மைன்ஸ் மண்மேடு நீளமாகக் கிடந்தது. வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி, தட்டுத் தட்டாக உயர்த்தி, மேலே மரம் வைத்திருக்கிற மேடு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்ததுதான். அதைப் பார்த்து நான் ஒருநாளும் கேமராவைத் திறந்ததில்லை. எங்களுக்கு அது ஒரு காட்சியே இல்லை.

அவர் கையை நீட்டிக் காட்டினார். "அதோ, கீழேருந்து ரெண்டாவது தட்டு. அந்த வேல மரத்துக்குக் கிழக்கால. எங்க ஊரு மண்ணு அங்கதான் கெடக்குது."

அது எப்படி அவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்டேன்.

"நான்தானே வெட்டுனேன்."

வண்டியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். ஊரைக் காலி செய்துகொடுத்துச் சில வருஷம் கழித்துத்தான் மெஷின் அந்த இடத்துக்கு வந்தது. எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம். வீடுகளை முன்னாடியே இடித்துத் தள்ளியிருந்தார்கள். கிணறு மட்டும் இருந்தது. அந்த வாரம் அங்கே மெஷின் ஓட்ட வேண்டியவர் வேறொருவர். இவர் போய் அவரிடம் கேட்டு ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது மைன்ஸ் புதிதாகத் தொடங்கின காலம் அது. வெட்டிய மண் பெல்ட்டில் ஓடி வந்து வெளியே இந்த மேட்டில்தான் கொட்டியது. ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, எங்கே விழுந்தது என்று இதே இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"வேற எவனோ வந்து வெட்டறதுக்கு நாமளே வெட்டிட்டா தேவலன்னு இருந்துது," என்றார். "யாருகிட்டயும் சொல்லல. சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்திருப்பார். ஏன் லேட் என்று நான் கேட்டிருப்பேன். ஏதோ சொல்லியிருப்பார். சோறு போட்டிருப்பேன், சாப்பிட்டிருப்பார். எனக்கு அந்த நாள் ஞாபகத்தில் இல்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. எந்த ஊரில் எந்த மலைமேல் எப்படி வெயில் விழுந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். என் வீட்டு மனிதர் தம் ஊரைத் தாமே வெட்டிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள் எனக்கு நினைவில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

இந்த ஊரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, சின்ன வீடு, உனக்குப் பிடித்தால் பார்க்கலாம் என்றார். நகரியத்து ஆஸ்பத்திரி பக்கம், பஸ் வசதி உண்டு, உன் சிநேகிதிகளையும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் முன்பு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தார். எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. இங்கேயும் தோண்ட வர மாட்டார்களா என்று கேட்டேன். வீட்டைப் பற்றித்தான் கேட்டேன். அவர் மேட்டைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"இது தோண்டி முடிச்சதும்மா."

வெயில் சாய்ந்து மேட்டின் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. தட்டுகளின் விளிம்புகளெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அடியில் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். குறுக்கே மூன்று மின்கம்பி, இடது பக்கம் தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கீழே ஒரு குப்பைக் குவியல். எந்த வேல மரம் என்று மறுபடி கேட்டேன். என் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அதை வைத்து எடுத்தேன். கண் கலங்கியிருந்ததால் முதல் இரண்டு படம் ஆடிவிட்டது. மூன்றாவது பரவாயில்லை. கம்பி, குப்பை, புகை எல்லாமே அதில் இருக்கின்றன. எந்தப் போட்டிக்கும் அனுப்ப லாயக்கில்லாத படம்.

அந்த வீட்டைத்தான் வாங்கினோம். பின்கதவைத் திறந்தால் மேடு தெரியும். மழை பெய்து ஓய்ந்த காலையில், பனியில், மே மாத வெயிலில் என்று நான் அதை எடுத்துக்கொண்டே இருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகும் இவர் உடம்பில் ஷிஃப்ட் போகவில்லை. வெளுக்குமுன் எழுந்து பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நல்ல வெளிச்சமாக இருந்தால் வந்து காலைத் தட்டி எழுப்புவார்.

போன பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை வடக்கே படித்து வளர்ந்தவர், இந்தப் பக்கத்துச் சங்கதி எதுவும் தெரியாது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்று பார்த்துவிட்டு, இங்கே மலை இருப்பதாக நீங்கள் யாரும் சொல்லவே இல்லையே, இது என்ன மலை மாமா என்று கேட்டார்.

"மலை இல்லீங்க மாப்ள," என்றார் இவர். "எங்க ஊரு."